அஞ்சலை கட்டிய கரும்புக் கட்டு

உன்னைப் பால்வாடி வேலையிலிருந்து நீக்கியது அநியாயம். கேட்பவர்கள் சலித்துக்கொண்டாலும், நீயே இல்லாமல் போன பிறகும், இதைச் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

இன்று காலை மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போன டிராக்டரிலிருந்து கொஞ்சம் கரும்பு தோகையோடு நம் வாசலில் விழுந்தது. காய்ந்த தோகையின், அந்தச் சோகையின் வாசனை மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்து நின்றாய்.

கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் உன்னிடம் கட்டு கட்டித்தான் விளையாடுவார்கள். துண்டுக் கரும்புகளை அடுக்கி, சோகையை முறுக்கிக் கட்டி, தலையில் தூக்க வேண்டும். அன்று அஞ்சலையின் கட்டு தூக்கும்போதெல்லாம் சிதறியது. அவள் அழுதாள். பால்வாடியைச் சோதனையிட வந்திருந்த அதிகாரி அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, கொழந்த அழுவுது, பாத்துக்கினு குந்தியிருக்க? கட்டிக் குடுக்கத்தான சம்பளம்?"

"கட்டிக் குடுக்க அவங்கம்மா கீறாங்க. நான் கேள்வி கேக்கறதுக்குங்க."

அடுப்புக்கு விறகு இறக்க வந்த நான் அசந்து நின்றேன். நீ அஞ்சலையின் மூக்கைத் துடைத்து, "எங்க அறுந்துச்சு, பாரு கண்ணு" என்றாய்.

ஈவிரக்கம் இல்லாதவள் என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் ஜீப் ஏறினாள். கல்வராயன் மலைப் பக்கம் புழுதி அடங்குவதற்குள் அஞ்சலை அறுந்த இடத்தில் விரல் வைத்திருந்தாள். இன்னொரு காய்ந்த சோகையை முறுக்கினாள், அதுவும் அறுந்தது. யோசித்தாள். எழுந்து போய்ப் பச்சைத் தோகை ஒன்றை உருவி வந்து கட்டினாள்.

"அறுவல டீச்சர்!"

கட்டைத் தலையில் வைத்து அவள் நடந்த நடையும், அதைப் பார்த்த உன் முகமும்! வேலை போனது; நீ களையெடுக்கப் போனாய். உன்னைப் பற்றிய கர்வம் மட்டும் எனக்கு இன்றும் குறையவில்லை.

இப்போது விழுந்த கரும்பை அஞ்சலையின் மகள் கட்டிக்கொண்டிருக்கிறாள். காய்ந்த சோகைதான். அறுந்தது, அழுகை. கட்டிக் கொடுக்க அஞ்சலை குனிந்தாள். நான் கைத்தடியைக் குறுக்கே நீட்டினேன்.

"ஒனக்கு யாரு கட்டிக் குடுத்தாங்க?"

"ஒங்க வூட்டம்மா எங்க வுட்டாங்க, பெரிப்பா!" என்று சிரித்து, கையை இழுத்துக்கொண்டாள்.

இனி அஞ்சலை அந்தக் கையை மடியிலேயே வைத்திருக்க வேண்டும். இப்போதைய டீச்சர், அழுகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளையின் வேலையைப் பிடுங்கித் தானே செய்யக் கூடாது. அந்த அம்மாள் எங்கிருந்தாலும் வந்து, ஊர் நடுவில் சொன்னதை ஊர் நடுவிலேயே திரும்பப் பெற வேண்டும். நான் வாசலை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பச்சைத் தோகை என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. "எங்க அறுந்துச்சு, பாரு கண்ணு" என்று மட்டும் கேட்க வேண்டும்.