யும்னாவின் தண்ணீர் பாட்டில்

மண்டபம்
புதன்கிழமை காலை

அன்பு மகன் தாஹாவுக்கு வாப்பா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க துஆச் செய்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிவிட்டு மற்றதுக்குப் போவதுதான் வழக்கம், ஆனால் அது இன்னும் உறுதியாகாத தகவல் என்பதால் இந்த முறை எழுதவில்லை. உறுதியானது இதுதான்: உன் மகள் யும்னாவுக்குச் சிறுநீர்ப் பாதையில் கிருமி. சொன்னவர் ராமநாதபுரம் குழந்தை டாக்டர் ஹமீதா பானு, சனிக்கிழமை சாயங்காலம், பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு. உன் பெண்டாட்டி சூஃபியா உன்னிடம் லேசான காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள், அவளைக் குறை சொல்லவில்லை, நீ அங்கே கிடந்து பதறுவாயே என்று உன் உம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னாள். இந்த வீட்டில் யாருக்கும் எதையும் முழுசாகச் சொல்லும் பழக்கம் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டை விரலைப் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போய்விடுவாய், அதனால் காகிதத்தில் எழுதி, இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு மதுரை வழியாகத் தோஹாவுக்குக் கிளம்பும் சீனி முகம்மது கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

கிருமி எப்படி வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லை, காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருக்கிறாள், அதுதான் காரணம் என்றார். இப்படியே போனால் கிருமி கிட்னிக்கு ஏறிவிடும், அங்கே போய்விட்டால் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்ப முடியாது, படுக்க வைத்துத்தான் பார்க்கணும் என்றும் சொன்னார். உன் உம்மா உடனே பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் சரியில்லை என்று ஆரம்பித்தாள். நான் பேப்பரில் நிருபராக இருந்த பழக்கத்தில், மறுவாரம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே அவள் வகுப்பு டீச்சருக்குப் போன் போட்டு, இரண்டு வேறு பிள்ளைகளின் தகப்பன்மாரிடமும் விசாரித்தேன். கக்கூஸ் கழுவித்தான் கிடக்கிறது, வாளி நிறையத் தண்ணீர் இருக்கிறது, கப்பு இருக்கிறது, கதவுக்குக் கொண்டி இருக்கிறது. இல்லாதது உன் உம்மா மட்டும்தான்.

பிறகுதான் பிள்ளையிடமே கேட்டேன். இத்தனை பேர் இருக்கிற வீட்டில் அவளிடம் கேட்கணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் திறந்த புதுசில் ஒருநாள் அங்கே கக்கூஸுக்குப் போயிருக்கிறாள், வேலை முடிந்ததும் இங்கே கூப்பிடுகிற மாதிரியே முடிஞ்சிருச்சு என்று குரல் கொடுத்திருக்கிறாள். யாரும் வரவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். பெல் அடித்து வெளியே வரிசை நின்ற பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்து, அன்றையிலிருந்து அவளுக்கு முடிஞ்சிருச்சு என்றே பேர் வைத்துவிட்டார்கள். அதற்கு உன் மகள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உள்ளேயே போக வேண்டாம் என்பது. ஆறு வயதுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு, தாஹா. பாட்டில் தினமும் நிறைந்தபடியே வீடு திரும்பியிருக்கிறது, சூஃபியா அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுநாள் புதுசாக நிரப்பியிருக்கிறாள். செடி நன்றாக வளர்ந்திருக்கிறது.

இந்த வீட்டின் காலை நேரத்தை உனக்கு எழுதுகிறேன், நீ போனில் ஒரு மூலையைத்தான் பார்த்திருப்பாய். உன் உம்மா பிள்ளையைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு வருவாள், நடந்தால் கால் தேய்ந்துவிடும் என்று. சூஃபியா பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி அவளே விளக்கிவிடுவாள். கக்கூஸுக்கு வெளியே ஒரு ஸ்டூல், அதில் போன், போனில் நீ. நீ பேசுவது உள்ளே கேட்க வேண்டுமாம், அதனால் கதவை மூடக்கூடாது. நீ அங்கிருந்து கத்துவாய், செல்லம் உட்கார்ந்துட்டீங்களா, வாப்பா இங்கனதான் இருக்கேன், முக்குங்க செல்லம் என்று. முடிஞ்சிருச்சு என்றதும் உன் உம்மா உள்ளே ஓடிக் கழுவிவிட்டு, தூக்கி வந்து, துடைத்து, உடுத்தி, தலை சீவி, இட்லியைப் பிட்டு வாயில் வைப்பாள். இந்த மண்டபத்தில் ஒரு விசைப்படகு கடலுக்குப் புறப்பட இத்தனை பேர் தேவைப்படுவதில்லை, அங்கே டீசல் கேன் தூக்குகிறவனுக்காவது வேலை என்னவென்று தெரியும்.

உன் உம்மாவிடம், ஏன் உம்மு ஹபீபா, அவ கையில் கப்பைக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். அவளுக்குப் பதில் தயாராக இருந்தது. அவ கழுவினா நஜீஸு போகாது, அந்தக் கையோட வந்து என் மேல விழுவா, நான் எந்தத் துணியோட தொழுவேன் என்றாள். தொழுகைத் துணி சுத்தமாக இருக்கணும் என்பதில் எனக்கு மாற்றுப் பேச்சு இல்லை. ஆனால் சுத்தம் பிள்ளைக்குப் படித்துக்கொடுக்க வேண்டிய விஷயம், அவளுக்காக ஆள் வைத்துச் செய்து முடிக்க வேண்டிய விஷயமா. நஜீஸுக்கும் அசுத்தத்துக்கும் பயந்து பயந்து, தன்னைத் தானே சுத்தம் செய்யத் தெரியாத ஒரு பிள்ளையை வளர்த்து வைத்திருக்கிறோம். இந்தக் கூத்து வேறு எந்த ஜாதி ஜனத்திலாவது நடக்குமா என்று எனக்குத் தெரியாது, நம் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் நடக்கிறது.

உன் பங்குக்கு வருகிறேன். போன மாதம் நீ கூரியரில் அனுப்பிய பிள்ளைகள் உட்காருகிற, வாத்துப் படம் போட்ட சீட்டு இங்கே நம் கக்கூஸில் பொருந்தவில்லை, அதைக் கொல்லையில் வைத்தேன், இப்போது கோழி ஏறி உட்காருகிறது. கோழிக்கு யாரும் வெளியே நின்று முக்கச் சொல்வதில்லை, அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. தோஹா வீட்டில் இருப்பதுபோலத் தண்ணீர் பீய்ச்சும் குழாயை இங்கேயும் மாட்டச் சொன்னாய், மாட்டினோம். பள்ளிக்கூடத்தில் கப்பும் வாளியும்தானே என்று உனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. கப்பை எந்தக் கையில் பிடிப்பது என்றே உன் மகளுக்குத் தெரியாது. சூஃபியா அழகுக்காக வாங்கிய பேண்டில் நாடா, அதையும் நழுவாமல் இருக்க இரண்டு முடிச்சு போடுகிறாள், அவிழ்க்க எனக்கே கண்ணாடி தேவைப்பட்டது. இதையெல்லாம் பாசம் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். ஒரு பிள்ளையின் இரண்டு கையையும் கட்டிவைக்க இதைவிடச் செலவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாடாவை எடுத்துவிட்டு எலாஸ்டிக் வைக்கச் சொன்னேன். பீய்ச்சும் குழாயைக் கழற்றினேன். கனம் இல்லாத சின்னக் கப்பு ஒன்று வாங்கினேன். முதலில் உடுப்போடு முற்றத்தில் உட்கார வைத்து, வலது கையில் கப்பு, ஊற்றுவது எப்படி, இடது கை என்ன செய்யணும் என்று சூஃபியா வெறும் ஒத்திகை காட்டினாள். பிள்ளை முற்றம் முழுக்கத் தண்ணீர் ஊற்றினாள், உன் உம்மா காவேரித் தண்ணி வீணாகுது என்று சத்தம் போட்டாள். திங்கள்கிழமை பாதிதான் சரியாக வந்தது. நேற்று, செவ்வாய்க்கிழமை, நான் ஸ்டூலை எடுத்துவிட்டேன், போனை அணைத்தேன், கதவைச் சாத்திவிட்டு யாரும் உள்ளே போகக்கூடாது என்றேன். நேற்றுக் காலை ஏன் போன் எடுக்கவில்லை என்று நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

உள்ளேயிருந்து முடிஞ்சிருச்சு என்றாள். யாரும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டாள், அழுகை கலந்திருந்தது. உன் உம்மா என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்து, ஈவு இரக்கம் இல்லாத மனுஷன், பேப்பர்காரனுக்கு எல்லாமே செய்திதான் என்றாள். சூஃபியா கதவில் கை வைத்தாள், எடுத்துக்கொண்டாள். பிறகு கப்பு வாளியில் இடிக்கிற சத்தம் கேட்டது, தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது, சோப்பு கீழே விழுந்து அதைத் தேடுகிற சத்தமும் கேட்டது. வெளியே வந்தபோது இடுப்பு வரை நனைந்திருந்தாள், பேண்டை முன்பக்கம் பின்பக்கமாகப் போட்டிருந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் நேரே உன் உம்மாவிடம் போய்க் கையை நீட்டி, மோந்து பாருங்க என்றாள். உம்மு ஹபீபா மோந்து பார்த்தாள். அந்தக் கையை விடவில்லை. தொழுகைத் துணி அவள் மேல்தான் இருந்தது.

அதன்பின் யும்னா என்னிடம் வந்து, நன்னா, வாப்பா கக்கூஸ் போறப்ப வெளிய நின்னு யாரு பேசுவா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, நீயே விசாரித்துக்கொள் என்றேன். அவளுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், தாஹா.

எனக்கு உன் கணக்கு தெரியாமல் இல்லை. இங்கே பிள்ளை கிளம்புகிற நேரம் உனக்கு அங்கே விடியவே இல்லை, அலாரம் வைத்து எழுந்து, கண் எரிய எரியப் பேசுகிறாய். அவளைப் பார்க்க வேறு நேரம் இல்லை என்று சூஃபியாவிடம் சொன்னாயாம். மகளைக் காண ஒரு தகப்பனுக்குக் கிடைத்த ஒரே இடம் கக்கூஸ் வாசல் என்றால் அந்தக் குறை உன்னுடையது, அதைச் சுமக்க வேண்டியது அவள் இல்லை. தூங்கு. வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, ஜும்ஆ முடிந்து, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு கூப்பிடு, அவள் உடுத்தி, சாப்பிட்டு, ஹாலில் உட்கார்ந்து உன்னோடு ஒரு மனுஷியாகப் பேசுவாள். காலையில் கூப்பிட்டால் நான் எடுப்பேன், நான் எடுத்தால் உனக்குப் பிடிக்காது.

அல்லாஹ் உனக்கு ஆயுளையும் ஆரோக்கியத்தையும், கூடவே கொஞ்சம் யோசனையையும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு, அந்த டப்பா நூடுல்ஸை விடு. இனிமேல் கூரியரில் எந்தப் பறவையையும் அனுப்பாதே.

பாக்கி இருப்பது: மருந்து நாளையோடு முடிகிறது. கிருமி போய்விட்டதா என்று திங்கள்கிழமை மறுபரிசோதனை, முடிவு செவ்வாய் சாயங்காலம் கிடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் ஒன்று. டாக்டர் அனுமதித்ததால் இன்றுதான் மறுபடி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், பாட்டிலில் தானே தண்ணீர் பிடித்து, மூடியைத் தானே திருகி எடுத்துக்கொண்டு போனாள். வேன் நாலு மணிக்கு வரும். சீனி முகம்மது அதற்குள் கிளம்பிவிடுவான், அதனால் பாட்டில் எப்படி வந்தது என்பது இந்தக் கடிதத்தில் இருக்காது. என்னிடம் கேட்காதே, சூஃபியாவிடமும் கேட்காதே. வெள்ளிக்கிழமை அவளிடமே கேள்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மதார்