கஸ்ஸான் இல்லாத பாட்டு

இஸ்கந்தருக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று சூஸ் நகரக் கடற்கரையில் உன் குழு பாடியபோது நானும் முன்வரிசையில் நின்றேன். பதினோரு வருடங்களாக உன் கச்சேரி ஒன்றையும் நான் விட்டதில்லை. என் தம்பி கஸ்ஸான் போராட்ட ஊர்வலத்தில் சுடப்பட்டுச் செத்த வாரம், எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அவன் பெயரை வைத்து ஒரு பாட்டுக் கட்டினாயே, அந்தப் பாட்டுக்காகத்தான் உன்னிடம் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

நேற்றும் அதைப் பாடினாய். "கஸ்ஸான், கதவைத் திற" என்று வரவேண்டிய இடத்தில் "நண்பா, கதவைத் திற" என்றாய். டிவி விளம்பரத்தில் மட்டும்தான் பெயரை எடுத்திருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். பின்னாலிருந்த திரையில் அதே விளம்பரத்தின் செல்போன் நிறுவனப் பெயர் மின்னியது. நான் தம்பியின் பெயரை உரக்கக் கத்தினேன். பக்கத்தில் நின்ற சின்னப் பெண் என்னை முறைத்தாள்.

"அக்கா, வரி தெரியலன்னா சும்மா இருங்களேன். பாட்டைக் கெடுக்காதீங்க!"

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. மேடைக்குப் பின்னால் வந்து, பெயரை ஏன் எடுத்தாய் என்று உன்னைக் கேட்டேன்.

"பேரு இருந்தா கம்பெனிக்காரங்க விளம்பரத்துக்கு ஒத்துக்க மாட்டேங்கறாங்க. மெட்டு அதேதானே? ஏன் இப்படிக் கத்தறே?" என்றாய்.

மெட்டை நீயே வைத்துக்கொள்.

அந்த விளம்பரம் வரும்போதெல்லாம் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள். காது மந்தமாகிவிட்டதால்தான் மகன் பெயர் கேட்கவில்லை என்று நினைத்திருக்கிறாள். இன்று காலை, காது டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னாள். உன் காதில் ஒரு குறையும் இல்லை அம்மா என்று சொல்லிவிட்டேன்.

இனி எங்கள் வீட்டுப் பக்கம் வராதே.

முன்வரிசையில் இனி நிற்காதவள்