பஸ் ஸ்டாண்டில் சொன்ன வார்த்தை

லீட்ஸ்,
12.11.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இளவேனில் எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா?

இந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. "பழனி, பழனி" என்று கூவி ஏற்ற ஆளில்லை. இறங்குகிறவர்கள் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். நம் ஊரில் சொன்னால், "என்னம்மா, கிண்டலா?" என்பார்.

செவ்வாய்க்கிழமை ஒரு கூத்து. எங்கள் துறை நூலகத்தைப் பூட்டுகிற மார்கரெட் அம்மாவிடம் சாயங்காலம் கிளம்பும்போது, நம் வழக்கப்படி "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் திரும்பி வருவேன் என்று அவர் கதவைப் பூட்டாமல் ஒரு மணி நேரம் காத்திருந்தாராம். மறுநாள், "போனாய், சரி. ஏன் வரவில்லை?" என்று பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் வெறுமனே 'போகிறேன்' என்று சொல்லக் கூடாது என்று அவருக்கு விளக்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பெட்டியை ஏற்றும் அவசரத்தில் உங்களிடம் "போறேம்ப்பா" என்றேன். உங்கள் முகம் மாறியதைப் பார்த்தும் திருத்திச் சொல்லவில்லை. நான்கு முறை போன் செய்தும் நீங்கள் பேசாமல் அம்மாவிடமே கொடுத்தது அதனால்தானே? வாய் தவறி வந்த வார்த்தை அப்பா. படிப்பு முடிந்ததும் நான் வந்துவிடுவேன்.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, அம்மாவை அனுப்பச் சொல்லுங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். என்னை ஒரு வார்த்தை திட்டிவிட்டாவது அம்மாவிடம் கொடுங்கள்.

உங்கள் மகள்,
இளவேனில்