இங்கிலாந்துக் கிராமத்துச் சேர்ச்சில் வெனிஸ்காரர் பதித்த பொன்

என்ர சிவா மச்சான்,

நீ சொன்னது மெய்யடா! இதை உனக்கு எழுதாமல் சிட்னி வென்ட்வேர்த்வில் வீட்டில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

உன் மகள் அபியின் பிறந்தநாளில் நீ சொன்ன கதை ஞாபகமிருக்கா? சிட்னிக்கு வருமுன் லண்டனில் இருந்தபோது, ஏதோ ஒரு கிராமத்துச் சேர்ச்சுக்குக் கூரை திருத்தப் போனாய். உள்ளே இத்தாலிக்காரர் செய்த பளிங்குப் பிரசங்க மேடை, பூவும் கொடியுமாய். "செம்மறியாடு மேயிற ஊரில இத்தாலிக்காரனுக்கு என்ன வேலை? புளுகாதை" என்றேன். சபையே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் சாகும்வரை அந்தக் கதையை நீ பிறகு எடுக்கவேயில்லை.

போன மாதம் உன் தங்கச்சியும் நானும் ஒரு கலியாணத்துக்கு இங்கிலாந்து போனோம். வழியில் மழை. ஒரு கிராமத்துச் சேர்ச்சுக்குள் ஒதுங்கினோம். வெளியே பாசி பிடித்த சாம்பல் கல். உள்ளே, மச்சான், பீடத்துக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பொன் சில்லுகள் பதித்த மொசைக்!

முப்பது வருசம் வீடுகளுக்குத் தரையோடு, ரைல்ஸ் பதிச்ச என்ர கை சும்மா இருக்குமா? கிட்டப் போனேன். ஒவ்வொரு சில்லும் மட்டமில்லாமல், வேணுமென்றே கொஞ்சம் சரிச்சுப் பதிச்சிருக்கு. நான் நகர நகர வெளிச்சமும் நகருது. நாங்கள் அப்படிப் பதிச்சால் வேலையை விட்டே கலைப்பாங்கள்!

பூ அடுக்கிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாவைக் கேட்டேன்.

"வெனிஸில இருந்து ஆட்களைக் கூப்பிட்டுச் செய்தது. இந்த ஊர்ப் பெரிய வீட்டுக்காரருக்கு இத்தாலி என்றால் பைத்தியம்" என்றா.

"பளிங்கு மேடை இருக்கிற சேர்ச் ஏதும் தெரியுமா?"

"இத்தாலி வேலை கனக்கச் சேர்ச்சில இருக்கு. நீங்கள் கேக்கிறது எந்த ஊர்?"

எந்த ஊர், மச்சான்? நாங்கள்தான் உன்னைக் கேட்கவேயில்லையே. உன் தங்கச்சி வாங்குப் பலகையில் குந்தியிருந்து அழுதா. "அண்ணா பொய் சொல்லேல்லையப்பா."

சிட்னிக்குத் திரும்பியதும் அபிக்குப் படங்களைக் காட்டினேன்.

"சோ, அப்பா வாஸ் ரைட்?"

"ஓம் பிள்ளை. மாமாதான் பிழை."

படங்களைத் திரும்பவும் ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். பிறகு, "லெட்ஸ் ஃபைன்ட் இட், மாமா. அப்பா சொன்ன மேடையை" என்றாள்.

வாற வருசம் மூன்றுபேரும் போறம். ஊர் ஊராய்ச் சேர்ச் கதவுகளைத் திறந்து பார்ப்பம். உன்ர மேடையைக் கண்டதும் அதற்கு முன்னால் நின்று, அபிக்குக் கேட்கும்படி சத்தமாய் உன்னிடம் மன்னிப்புக் கேட்பன். இது சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டிய மச்சான்,
குகன்