தங்கையை மட்டும் கூப்பிட்ட ஸ்டுடியோ

ஊரிலிருந்து அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் பட்டணத்துக்கு வந்தார்கள். அவள் பாடுவாள், அவன் கீபோர்டு வாசிப்பான். பதினாலு மாதம் வாய்ப்புத் தேடி அலைந்த பிறகு, நேற்று ஒரு ஸ்டுடியோக்காரர் அவளைத் தனியாகப் பாடவைத்துக் கேட்டுவிட்டு, ரெக்கார்டிங்குக்கு அவளை மட்டும் கூப்பிட்டார்.

"நீ இல்லாம நான் போகமாட்டேன்" என்றாள் அவள்.

"என்னைச் சாக்கா வச்சு இங்கயே நிக்காத" என்று எரிந்து விழுந்தான்.

காலையில் அவள் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியதும் அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்தான். அழுகை வரும் என்று நினைத்தான், வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட கன்னம்போல மனசு மரத்துக் கிடந்தது. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினான்:

"பாப்பா, நான் ஊருக்குப் போறேன். முட்டை வேகவச்சு மூடி வச்சிருக்கேன், சாப்பிடு. என்கிட்ட இருக்கிற சாவியைக் கீழ்வீட்டு டெய்லர் அக்காகிட்ட குடுத்துட்டுப் போறேன். மூணு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். வாஷர் மாத்தினா போதும், புதுக்குழாய்னு சொன்னா தலையாட்டாத. கீபோர்டு உனக்குத்தான். நாளைக்கு ஸ்டுடியோவுக்குக் கொஞ்சம் முன்னாடியே போ. அண்ணன்."

செருப்பை மாட்டியவன் திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினான்:

"நேத்து ஸ்டுடியோல நீ தனியாப் பாடினத வெளிய நின்னு கேட்டேன். நான் வாசிக்காதப்பதான் உன் பாட்டு நல்லா இருக்கு. உனக்கு இது எப்பவோ தெரிஞ்சிருக்கும். இத்தனை நாளா நீ சொல்லல, பாரு."