நாற்பதாயிரம் அடியில் ஊர்ப்பேச்சு

இன்று கள்ளக்குறிச்சியில் டாக்டர் என் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. நெஞ்சுச் சளி. பேசாமல் படுத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பேசத்தான் யார் இருக்கிறார்கள்? நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

விமானப்படையில் நாம் சோதனை விமானிகளாக இருந்தபோது நமக்குள் ஓர் ஒப்பந்தம். தரையில் ஊர்ப்பேச்சு, ஆகாயத்தில் ஆங்கிலம் மட்டும். சங்கராபுரம் ஜவுளிக்கடைக்காரர் மகன் நீ அதை நோன்பு மாதிரி காத்தாய். மெஸ்ஸில் "இன்னாடா, துன்னியா?" என்று கேட்பவன், விமானத்தில் பெல்ட்டை இறுக்கியதும் துரையாகிவிடுவாய்.

அன்று உயரப் பறக்கும் பயிற்சி. நான் முன்னால் ஓட்டினேன், நீ பின் இருக்கையில்; அங்கும் ஓட்டும் பிடி உண்டு. நாற்பதாயிரம் அடியில் என் ஆக்சிஜன் குழாய் கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. அதுதான் ஆக்சிஜன் குறைவின் சூது. மூச்சு முட்டாது, சந்தோஷம் பொங்கும். கீழே கிடந்த மேகம் எனக்கு நம் பக்கத்துக் கரியாலூர் இருக்கும் கல்வராயன் மலையாகத் தெரிந்ததாம். "கரியாலூரு வந்துக்கினு இருக்குதுடா, எறங்கிக்கலாம்" என்றேனாம். எல்லாம் நீ பிறகு சொன்னதுதான்.

ஆகாயத்தில் தமிழ் காதில் விழுந்ததுமே எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று உனக்கு விளங்கிவிட்டது. மாஸ்க்கைப் பார் என்று ஆங்கிலத்தில் சொன்னாய், நான் சிரித்தேன். ஓட்டும் பிடியை விடச் சொன்னாய், இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விமானம் தலைகுப்புறச் சாயத் தொடங்கியது. அப்போதுதான் நீயும் ஒப்பந்தத்தை மீறினாய்.

"டேய், கைய எடு. நான் ஓட்டிக்கினு போறேன். நீ சும்மா குந்து."

ஆங்கிலத்துக்கு அடங்காத கை அதற்கு அடங்கியது. நீ விமானத்தை நிமிர்த்தி, மூச்சுவிடக்கூடிய உயரத்துக்கு இறக்கினாய். தரையில் நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். முதலில் டீ குடிக்கலாம் என்று நடந்துவிட்டாய்.

உன் கடைசி நாட்களில் சங்கராபுரம் வீட்டில் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாய். மகள் கெஞ்சியும் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். "டேய், கைய எடு" என்றேன். எடுத்தாய். மாஸ்க்குக்குள் சிரித்ததும் தெரிந்தது. ஆனால் உன்னைத் தரைக்குக் கொண்டுவர என்னால் முடியவில்லை.

எனக்கும் அலுத்துவிட்டது. இதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் படுக்கலாம் போலிருக்கிறது. பிடுங்கப் போகும்போதெல்லாம் நீ அதட்டுகிறாய். நானும் கையை எடுத்துவிடுகிறேன்.