பிள்ளைப்பேறு பார்க்க டாடி வருகிறார்

பெங்களூரு ஏர்போர்ட் வாசல்,
செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணி.

அன்பு மகள் ஐரினுக்கு மம்மி முத்தங்களோடு எழுதுவது. கர்த்தர் தயவால் இங்கே நாங்கள் பதின்மூன்று பேரும் நல்ல சுகம், பதின்மூன்று பேரும் ஏர்போர்ட் வாசலில் பாய் விரிக்காத குறையாக உட்கார்ந்திருக்கிறோம். அங்கே நீயும் உன் வயிற்றுக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சின்ன முதலாளியும் சுகம்தானா, உன் கால் வீக்கம் வடிந்ததா, கப்பலில் இருக்கிற லாயிட் மாப்பிள்ளைக்குப் போன் கிடைத்ததா. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது கொண்டுவந்த ஆள் எதிரே நின்றுகொண்டிருப்பார். பயப்படாதே, தபால்காரர் இல்லை, உன் டாடிதான். மூன்று விமானம் ஏறி இறங்கினதில் முகம் கொஞ்சம் மாறியிருக்கும். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்காதே கண்ணு, மம்மி இல்லை. ஒரு இடம்தான் கிடைத்தது. இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அழுவேன், பக்கத்தில் இருக்கிற இவ்வளவு பேரும் சேர்ந்துகொள்வார்கள், அப்புறம் ஏர்போர்ட் போலீஸ் வந்து யார் செத்தது என்று கேட்பான். அதனால்தான் உன் பெரியப்பா தியோடரின் சபைக் கணக்கு நோட்டில் இரண்டு தாள் கிழித்து எழுதுகிறேன்.

நடந்ததை நானே சொல்கிறேன், டாடி சொன்னால் பாதிதான் சொல்வார், அதுவும் தனக்குச் சாதகமான பாதி. சனிக்கிழமை விமானம் ரத்தாகி செவ்வாய்க்கு மாற்றிக் கொடுத்தார்கள், அதுவரைக்கும் உனக்குத் தெரியும். எங்கேயோ சண்டை நடக்கிறதென்று வானத்து வழியை மூடுகிறார்கள், திறக்கிறார்கள், மறுபடி மூடுகிறார்கள். நம் ஜோகுபாளையத்துத் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டினால் ஆட்டோக்காரர்கள் சந்து சந்தாகச் சுற்றுவார்களே, இப்போது விமானங்களுக்கும் அந்தக் கதிதான். வெள்ளிக்கிழமை காலையில் உனக்கு ஆபரேஷன், அதற்குள் வந்து சேர வேண்டும், இதைத் தவிர எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆனால் நம் ஜனங்களைப் பற்றி உனக்குத் தெரியாதா, ஒருத்தர் விமானம் ஏறினால் பத்துப் பேர் கூடப் போய்க் கையை ஆட்டாவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. இன்று காலையில் டெம்போ டிராவலர் வந்து நின்றது, புளிச்சோறு, முட்டை, மாலை, மடக்கு நாற்காலி எல்லாம் ஏறியாகிவிட்டது. பெரியப்பா ஜெபம் பண்ணாமல் வண்டி கிளம்பக்கூடாதே. ஜெபத்துக்கு நடுவில் மணி அடித்தால் அவருக்கு ஆகாது, எல்லார் போனையும் சத்தம் அடக்கச் சொல்லி, தன்னுடையதையும் அடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

ஐரின், அந்த மாதிரி ஒரு ஜெபம் நான் கேட்டதில்லை. உனக்காக, பிள்ளைக்காக, டாக்டர் அம்மாவின் கைக்காக, டாக்டர் அம்மாவின் கத்திக்காக, பைலட்டின் கண்ணுக்காக, இரண்டு இறக்கைக்காக, அந்தந்த தேசத்து ராஜாக்களுக்காக. முட்டி போட்டிருந்த டாடி என்னைக் கிள்ளி, இன்னும் எத்தனை தேசம் இருக்கிறது என்று கேட்டார். முழுசாக முப்பது நிமிஷம். அந்த முப்பது நிமிஷத்தில்தான் விமானக் கம்பெனியிலிருந்து நாலு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் காஸ் ஃபாரமானாலும் ரேஷன் ஃபாரமானாலும் என் தையல் மெஷின் வாரண்டியானாலும் எழுதிக் கொடுப்பது பெரியப்பா நம்பர்தானே, இருபது வருஷமாக மாற்றாத நம்பர், பெரிய மனுஷர் நம்பர் என்று. இந்த டிக்கெட்டுக்கும் அதையேதான் கொடுத்திருந்தோம். அங்கே போன் துடிக்கிறது, இங்கே அவர் ஆகாயத்தில் பறக்கிற சகல விமானங்களையும் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஏர்போர்ட்டுக்கு வந்து பார்த்தால் நம் விமானத்துக்கு நேராகச் சிவப்பு எழுத்து. எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் சிவப்பு தெரியும். கவுண்டரில் ஆஷா என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள், காலையிலிருந்து எல்லாரிடமும் திட்டு வாங்கி முகம் வாடிப்போயிருந்தாள். எல்லாரும் இங்கிலீஷில் கத்தினார்கள், நான் கன்னடத்தில் ஊட்டா ஆய்தா, சாப்பாடு ஆச்சா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள், கண் கலங்கிவிட்டது. புளிச்சோற்றுப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தேன். லஞ்சம் என்று டாடி சொல்கிறார், நீயே சொல், பசித்த பிள்ளைக்குச் சோறு கொடுப்பது லஞ்சமா. அவள்தான் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், காலையில் வேறு வழியாக நமக்கு இரண்டு இடம் பிடித்து வைத்துக் கூப்பிட்டார்களாம், ஒரே ஒரு ஊரில் மாறினால் போதுமாம், யாரும் எடுக்காததால் அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பெரியப்பா போனை எடுத்துப் பார்த்தார். நாலு அழைப்பு. அப்படியே போய் டிராவலரின் கடைசி சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

ஆஷா இரண்டு மணி நேரம் தேடிப் பிடித்தது ஒரே ஒரு இடம். இன்று ராத்திரி கிளம்பி சிங்கப்பூர், அங்கே பகல் முழுக்க உட்கார்ந்திருந்து அடுத்த ராத்திரி இஸ்தான்புல், அங்கே சில மணி நேரம், அப்புறம் உன் டப்ளின், வியாழக்கிழமை மத்தியானம். மேற்கே போக வேண்டியவர் கிழக்கே கிளம்புகிறார், டாடியின் வழக்கம் அதுதான், பால் வாங்கப் போனாலும் ஏரியைச் சுற்றித்தான் வருவார். விசா இரண்டு பேருக்கும் இருக்கிறது, இடம் ஒன்று, யார் போவது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிள்ளைப்பேறு பார்க்க அம்மாதானே போவாள், எந்த வீட்டில் அப்பா போயிருக்கிறார். நானும் கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டேன் ஐரின், பொய் சொல்ல மாட்டேன். அப்போதுதான் ஆஷா மெதுவாக, அம்மா, கடைசி நேரத்தில் கேட் மாறும், போர்டைப் பார்த்துத்தான் ஓட வேண்டும், இங்கிலீஷ் படிக்க வருமா என்று கேட்டாள். சிங்கப்பூரில் தமிழிலும் எழுதியிருக்குமாம், அதுவரைக்கும் நான் ராணி. இஸ்தான்புல்லில் ராணி உத்தியோகம் போய்விடும். தமிழ் ஸ்கூலில் நாலாம் கிளாஸ் வரைக்கும் படித்தவள், ஊருக்குள்ளேயே பஸ்ஸை நம்பர் பார்த்து ஏறுகிறவள், அங்கே தப்பான வரிசையில் நின்று விமானத்தை விட்டுவிட்டால் வெள்ளிக்கிழமை உன்னிடத்தில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். பையைக் கழற்றி டாடி கையில் கொடுத்தேன்.

அவர் வாங்கவே இல்லை. முப்பது வருஷம் பெரிய ஓட்டலில் வெள்ளைக்காரர்கள் பெட்டியைச் சிரித்த முகமாகத் தூக்கினவர், என் கைப்பையைத் தொடப் பயந்தார்.

“நான் போயி இன்னா பண்ணப்போறேன் பிரிஜெட்டு? பொம்பளப் புள்ளைக்கு இந்த நேரத்துல அம்மாதான் வேணும். நீ போ. கேட்டுக் கேட்டுப் போயிடுவ.”

“நீ ஒண்ணுமே பண்ண வேணாம். போயி நில்லு. மயக்கம் தெளிஞ்சு அவ கண்ணத் தொறக்கறப்போ நம்ம ஆளு ஒருத்தரு எதுர்ல நிக்கணும். அவ்ளோதான்.”

அதற்கப்புறம்தான் பையை வாங்கிக்கொண்டார். மூக்கைச் சிந்துகிற சாக்கில் கண்ணையும் துடைத்தார், ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நாங்கள் நின்றது வெளியே வெயிலில்.

பெட்டி கதையைக் கேள். இரண்டு பெட்டியை ஒன்றாக்க வேண்டும், இருபத்துமூன்று கிலோதான் விடுவார்கள். தரையிலேயே பரப்பினோம், பெங்களூரு முழுக்க என் உள்பாவாடையைப் பார்த்தது. என் புடவை ஆறும் வெளியே, டாடியின் கோட்டும் வெளியே. மற்றபடி டாடிதான் அடுக்கினார், அந்த வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது, இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து இருபத்திரண்டரை என்றார், தராசும் அதையே சொன்னது. நான் துவைத்துத் துவைத்துப் பஞ்சாக்கி வைத்திருந்த பழைய வாயில் புடவைத் துண்டுகள் பன்னிரண்டு இருக்கிறது, பிள்ளையை முதலில் அதில் சுற்று, அங்கே கொடுக்கிற துணி எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் சரி. சிவப்பு நூல் கட்டினது சுக்குப்பொடி, பச்சை நூல் கட்டினது ஓமம், மஞ்சள் நூல் வசம்பு, அதை உள்ளுக்குக் கொடுக்காதே, நீ நர்ஸ், என்னைவிட உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்வேன். நூலே கட்டாதது டாடியின் காப்பித்தூள், தெரியாமல் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டால் மனுஷர் தாங்க மாட்டார். கருவாட்டை ஆஷா எடுக்கச் சொல்லிவிட்டாள். அதை டிரைவருக்குக் கொடுத்தேன், எங்களையெல்லாம்விட அவர்தான் குஷியாக இருக்கிறார்.

டாடியை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பதென்றும் சொல்லிவிடுகிறேன். கஞ்சி வைக்கத் தெரியும் என்பார், நம்பாதே, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயால் நீ சொல், கையால் அவர் செய்யட்டும். நீ பிறந்தபோது உன்னைத் தூக்கச் சொன்னால் கைப்பிடி எங்கே என்று தேடினவர் அவர். உட்கார வைத்து மடியில் தலையணை போட்டு அதற்கு மேல்தான் பிள்ளையைக் கொடுக்க வேண்டும். அவர் குறட்டைக்குப் பிள்ளை எழுந்துகொள்ளும், பிள்ளை அழுதால் அவர் எழுந்துகொள்ள மாட்டார், அதனால் இரண்டு பேரையும் தள்ளித் தள்ளிப் படுக்க வை. தினம் ஒரு வேலை கொடு, குப்பை கொட்டவாவது அனுப்பு, சும்மா இருந்தால் உன் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று வருகிறவர்கள் பெட்டியைத் தூக்க ஆரம்பித்துவிடுவார். தையல் பிரியும்படி நீ குனியாதே, பச்சைத் தண்ணீர் குடிக்காதே, தலைக்குத் துண்டு கட்டாமல் ஜன்னல் பக்கம் நிற்காதே, அந்த ஊர்க் குளிர் எனக்குத் தெரியாது, ஆனால் உன் பிடிவாதம் தெரியும்.

பெரியப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. டாடி அவரோடு பேசவில்லை. எனக்கும் முதலில் அந்தப் போனைப் பிடுங்கி ரோட்டில் எறியலாம் போலத்தான் இருந்தது. அப்புறம் டிராவலரில் ஏறிப் பார்த்தேன், மனுஷர் சாப்பிடாமல் நாலு அழைப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், என்னைக் கண்டதும், உன் சீட்டை நான்தாம்மா தின்னுட்டேன் என்றார். அதற்கு நான், சீட்டைத் தின்றவருக்கு முட்டை எதற்கென்று நானே சாப்பிட்டுவிட்டேன், புளிச்சோறு மட்டும் பாக்கி இருக்கிறது என்றேன். அரை மனதாகச் சிரித்தார், கால் பொட்டலம் சாப்பிட்டார். வெளியே போட்ட டாடியின் கோட்டை அவர்தான் தட்டி மடித்துக் கொண்டுபோய், குளிருமேடா, போட்டுக்கோ என்று நீட்டினார். டாடி முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை நீட்டினார், பெரியப்பாவே மாட்டிவிட்டார். அதுபோதும், மிச்சத்தை அண்ணன் தம்பி பார்த்துக்கொள்வார்கள். நீயும் போனில் அவரைக் கடிந்து பேசாதே, அந்த முப்பது நிமிஷமும் அவர் கேட்டது பேரப்பிள்ளைக்காகத்தானே.

எனக்கு எப்போது வழி என்று கேட்காதே. ஒரே ஊரில் மாறுகிற விமானத்தில் இடம் வந்தால் கூப்பிடுவதாக ஆஷா சொல்லியிருக்கிறாள், இந்த முறை என் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரைக்கும் நீ அங்கே, நான் இங்கே, நடுவில் டாடி. உள்ளே விட ஆரம்பித்துவிட்டார்கள், டாடி கையை ஆட்டிக் கூப்பிடுகிறார், கோட்டின் உள்பையில் இதை வைத்துத் தைக்கலாமென்று பார்த்தேன், ஏர்போர்ட்டில் ஊசியைப் பார்த்தால் விடமாட்டார்களாம், சும்மாவே வைக்கிறேன்.

கர்த்தர் உன்னைக் காத்து, தாயும் பிள்ளையும் வேறுவேறாக நல்ல சுகத்தோடு எழும்பச் செய்வாராக. தலைமாட்டில் பைபிள் இருக்கட்டும், போன் மட்டும் சத்தமாகவே இருக்கட்டும். லாயிட் மாப்பிள்ளைக்கு எங்கள் எல்லாருடைய ஸ்தோத்திரம்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதே. வெள்ளிக்கிழமை மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் மம்மி எங்கே என்று கேட்டுவிடாதே கண்ணு. எதிரே அவர் மூன்று விமானம் ஏறி வந்து நின்றுகொண்டிருப்பார், அந்த ஒரு கேள்வியில் உடைந்துபோவார். டாடி, இங்கேயேதான் நிக்கிறீங்களா என்று கேள். அவர் பதில் சொல்லி, பிள்ளையைக் காட்டி, அழுது முடிக்கட்டும். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் என்னைக் கேள், எனக்கு இங்கே காது கேட்கும்.

உன் அன்புள்ள மம்மி,
பிரிஜெட் யூஜின்